கழுத்தில் வளையமுள்ள புறா எங்கிருந்து வந்தது?



அன்பின் பெற்றோரே, ஊர் உறவுகளே,

சற்று நீண்ட பதிவு இது. வரும் சனிக்கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசப்படவுள்ள ஒரு விடயம் பற்றியது. கூட்டத்தில் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்காது. ஆகவே நாம் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே இங்கே எழுதி வைக்கிறோம். பொறுமையாக வாசித்துவிட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்.

நடந்ததைப் பலர் அறிவீர்கள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்காக ஆரம்பப் பிரிவில் ஒரு வாசிப்பு மூலை அமைத்தோம். நலன்விரும்பி ஒருவர் தந்த சிறுவர் படக்கதைப் புத்தகங்களை அங்கே அடுக்கினோம். பெரும்பாலானவை விலங்குக் கதைகள். எறும்புகள் சேர்ந்து சீனிக்கட்டி சுமப்பது, குரங்குகள் பழத்தைப் பங்கிடுவது, புறாக்கள் வலையோடு பறப்பது. சுவரில் அந்தப் புறாக்களையே பெரிதாக வரைந்தோம். மூன்றாம் வாரத்தில் இரண்டு புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒரு வாப்பா நேரில் வந்து, கோபமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டார்: "டீச்சர், புள்ளைக்கு நல்லது சொல்லிக் குடுக்க எத்தனையோ இருக்கு. எலியும் காகமும் கதைக்கிற பொய்ய ஏன் குடுக்கிறீங்க? அதோட உருவப் படம் வேற. இதெல்லாம் எங்கட ஆக்கள்ட வழக்கமா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் எம்மை விடவில்லை. "எங்கட ஆக்கள்ட வழக்கமா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பயிற்சிக் கலாசாலையில் சிறுவர் இலக்கியப் பாடத்தில் அதில் ஒரு துண்டு படித்தோம். மீதியை இந்த இரண்டு மூன்று வாரங்களாகத் தேடித் தேடி வாசித்தோம்.

திரும்பி வந்த இரண்டில் ஒன்று அந்தப் புறாக் கதை. எம்மில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த கதைதான். வேடன் தானியம் தூவி வலை விரிக்கிறான், புறாக்கள் சிக்குகின்றன, எல்லாம் ஒன்றாகச் சிறகடித்து வலையோடு பறந்துபோய் எலி நண்பனிடம் இறங்குகின்றன, எலி வலையைக் கடித்து விடுவிக்கிறது. படக்கதைப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம். ஆனால் இது வந்த வழி மிக நீளமானது.

இதன் பழைய சமஸ்கிருத வடிவம் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. அந்நூலின் ஐந்து பகுதிகளில் இரண்டாவது நட்பைப் பெறுவது பற்றியது. அதன் தொடக்கமே இந்தப் புறாக்கள். அவற்றின் தலைவன் பெயர் சித்திரக்ரீவன், அதாவது வண்ணக் கழுத்துடையவன். 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட குஸ்ரூ அனூஷிர்வானின் (ஆட்சி 531–579) அரண்மனை வைத்தியர் புர்ஸோய் இந்தியாவுக்கு வந்து இக்கதைகளைத் தன் நாட்டு பஹ்லவி மொழிக்குக் கொண்டுபோனார். இதைச் சுற்றி ஓர் அழகான கதையும் உண்டு. பிர்தௌஸியின் ஷாநாமாவில் அது வருகிறது. இறந்தோரை எழுப்பும் ஒரு மூலிகை இந்திய மலைகளில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வைத்தியர் தேடிப் போகிறார். கடைசியில் ஒரு முதியவர் அவருக்கு விளங்கப்படுத்துகிறார்: மூலிகை என்பது அறிவு, இறந்தோர் என்பது அறிவில்லாதோர், நீர் தேடி வந்தது ஒரு கிதாபைத்தான். இது நடந்ததோ இல்லையோ, புத்தகம் போய்ச் சேர்ந்தது உண்மை. புர்ஸோயின் பஹ்லவிப் பிரதி இன்று இல்லை, அழிந்துவிட்டது. அதிலிருந்து செய்யப்பட்ட சிரிய மொழிபெயர்ப்பும் அரபு மொழிபெயர்ப்பும்தான் எஞ்சின.

அரபு மொழிபெயர்ப்பைச் செய்தவர் அப்துல்லாஹ் இப்னுல் முகஃப்பஃ. பாரசீகத்தவர், இஸ்லாத்தைத் தழுவியவர், பஸ்ராவில் அரச எழுத்தராக இருந்தவர். 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அது, பக்தாத் நகரம் கட்டப்படுவதற்கு (762) முன்னரான காலம். இரண்டு நரிகளின் பெயரால் நூலுக்குக் 'கலீலா வ திம்னா' என்று பெயர். இன்றுவரை அரபு உரைநடையின் தொடக்ககாலப் பெரும் படைப்புகளில் ஒன்றாக அரபு நாடுகளில் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து மதீனாவுக்கும் கெய்ரோவுக்கும் ஓதப் போய் வந்த மௌலவிமார் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இப்னுல் முகஃப்பஃ மீது அவர் காலத்திலேயே கொள்கைரீதியான குற்றச்சாட்டுகள் இருந்தன. கலீபா மன்ஸூரின் காலத்தில் மிகக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். கலீபாவின் சிறிய தந்தை ஒருவருக்காக அவர் எழுதிக் கொடுத்த அபயக் கடிதத்தின் வாசகம் கலீபாவைச் சினமூட்டியதே காரணம் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மனிதரைப் பற்றி எந்த முடிவுக்கும் நாம் வரப்போவதில்லை. ஆனால் அவர் நூலை முஸ்லிம் உலகம் தள்ளிவைக்கவில்லை. பர்மகி அமைச்சர்களுக்காக அபான் அல்லாஹிகீ என்ற கவிஞர், மனனம் செய்ய இலகுவாக இருக்கட்டும் என்று முழுவதையும் செய்யுளாக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கஸ்னவிகளின் அவையில் நஸ்ருல்லாஹ் முன்ஷி இதைப் பாரசீகத்தில் எழுதினார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹிராத் நகரில் ஹுஸைன் வாஇஸ் காஷிஃபீ இதையே 'அன்வாரே ஸுஹைலீ' ஆக்கினார். இவர் பெயரில் உள்ள வாஇஸ் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் வஃழ் சொல்பவர், மிம்பரில் ஏறிப் பயான் செய்தவர். அக்பரின் அவையில் 1588இல் அபுல் ஃபஸ்ல் மீண்டும் எளிமையாக எழுதினார்.

இனிப் படங்களுக்கு வருவோம். இப்னுல் முகஃப்பஃ தன் முன்னுரையில் நூலின் நோக்கங்களைச் சொல்கிறார். வாயில்லா ஜீவன்களைப் பேச வைத்தது, வேடிக்கையை விரும்பும் இளையவர்கள் விரைந்து வாசிக்க வேண்டும் என்பதற்காக. விலங்குகளின் உருவங்களைப் பலவித வண்ணங்களில் காட்டுவது, அரசர்களின் மனம் மகிழவும் அவர்கள் நூலைப் பேணவும். அப்படிப் பேணப்பட்டால் அது திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கப்படும், அழியாது, எழுதுபவனுக்கும் வரைபவனுக்கும் பயன் கிடைக்கும். இதற்கெல்லாம் அப்பால் உள்ள கடைசி நோக்கம் சிந்திப்பவர்களுக்குரியது என்கிறார். வாசித்ததும் எமக்குச் சிரிப்பு வந்தது. வாசிப்பு மூலை அமைப்பதற்கு நாம் வலயக் காரியாலயத்துக்கு எழுதிக் கொடுத்த காரணங்களும் ஏறத்தாழ இவைதான்! பன்னிரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு மனிதர் படப் புத்தகத்தின் பயனை இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் சொன்னபடியே நடந்தது. இன்று எஞ்சியிருக்கும் படங்களுள்ள அரபுப் பிரதிகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சுமார் 1220ஆம் ஆண்டளவில், அநேகமாக சிரியாவில் வரையப்பட்டது. சிங்கமும் திம்னாவும், நிலவுக் குளத்தருகே யானையரசனும் முயலும், ஆலோசனை நடத்தும் காகங்களும் அதில் இருக்கின்றன. இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நாம் தொலைபேசியில் பார்த்து, பெரிதாக்கி, தரம் 3 பிள்ளைகளுக்கும் காட்டினோம். "இது யாரு கீறின டீச்சர், எங்கட மாதிரி இருக்கு" என்றது ஒரு பிள்ளை. உண்மைதான். சிவப்பும் நீலமும், நேர்கோட்டில் புல், பக்கவாட்டு முகங்கள். பிள்ளைகள் கீறுவது போலத்தான் இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்டில் உள்ள இன்னொரு பிரதி 1354ஆம் ஆண்டுக்குரியது. தைமூரின் பேரர் பைஸுங்குருக்காக ஹிராத்தில் 1429இல் எழுதப்பட்ட பாரசீகப் பிரதி இஸ்தான்பூலில் இருக்கிறது. இவை எல்லாம் முஸ்லிம் உலகில் எழுதி வரையப்பட்டவை.

இதனால் உருவப் படத்தின் மார்க்கச் சட்டம் இன்னதுதான் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அது உலமாக்களின் பணி. உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய ஹதீஸ்கள் உள்ளன, பெரும்பாலான அறிஞர்கள் அதில் கண்டிப்பாக இருந்தார்கள் என்பதும் தெரியும். அதேவேளை பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைப் பலர் விதிவிலக்காகக் கொண்டார்கள். அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களில் ஒன்று ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகள். அவற்றுள் துணியாலான சிறகுகள் வைத்த ஒரு குதிரையும் இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தனவே என்று அவர் பதில் சொன்னதாகவும், நபியவர்கள் சிரித்ததாகவும் அபூதாவூதில் வருகிறது. சுவர்ச் சித்திரத்துக்கு இது பொருந்துமா, புத்தகத்துக்கு மட்டுமா என்பதைச் சனிக்கிழமை எங்கள் பள்ளிவாசல் மௌலவி முன்னிலையில் பேசலாம். சுவரை வெள்ளையடிக்கச் சொன்னால் அடித்துவிடுவோம், அது பெரிய விடயமல்ல. புத்தகம் வேறு.

அடுத்தது பொய் என்ற குற்றச்சாட்டு. இதுவும் புதிதல்ல. 'மகாமாத்' எழுதிய பஸ்ராவின் ஹரீரீ (இறப்பு 1122) இதே கண்டனத்துக்கு அஞ்சித் தன் முன்னுரையில் பதில் எழுதினார். கற்பனைக் கதை எழுதியதற்காக என்னைக் குறைகூறுபவர்கள், மிருகங்களின் பெயராலும் சடப்பொருள்களின் பெயராலும் சொல்லப்பட்ட கதைகளை என்ன செய்வார்கள், அவற்றைக் கேட்கக் கூடாதென்று காதைப் பொத்தியவர் எவராவது உண்டா என்பது அவர் வாதத்தின் சாரம். ஆக, 12ஆம் நூற்றாண்டிலேயே விலங்குக் கதை என்பது எவரும் ஆட்சேபிக்காத ஒன்றாக, மற்றக் கதைகளுக்கே ஆதாரமாகக் காட்டக்கூடியதாக இருந்திருக்கிறது. ஸூரத்துந் நம்லில் வரும் எறும்பையும் ஹுத்ஹுத் பறவையையும் இதற்குள் இழுக்க நாம் விரும்பவில்லை. அது வஹீ, இது மனிதர் கட்டிய கதை. இரண்டையும் ஒரு தட்டில் வைக்கக் கூடாது. உவமை என்று சொல்லித்தான் வகுப்பில் சொல்கிறோம். பிள்ளைகளுக்கும் தெரியும். எலி உண்மையில் கதைக்குமா என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

இதுவரை எழுதியது பதில். இனி எழுதப்போவதுதான் எமக்கு முக்கியமானது.

புத்தகம் திரும்பி வந்த பிறகு, அரபு மூலத்தில் இந்தக் கதை எப்படி இருக்கிறது என்று, எமது அரைகுறை அரபையும் ஒரு மௌலவியின் உதவியையும் வைத்துக்கொண்டு வாசித்தோம். புறாவின் பெயர் அங்கே 'அல்ஹமாமதுல் முதவ்வகா', கழுத்தில் வளையமுள்ள பெண் புறா. எங்கள் படக்கதையில் அவள் அரசன். அரபில் அவள் தலைவி. கூட்டம் வலையில் விழுந்ததும் ஒவ்வொரு புறாவும் தன் பக்கத்துக் கயிற்றைத்தான் இழுக்கிறது. அவள் தடுக்கிறாள்: தன்னை மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். பறக்கிறார்கள். வேடன் விடவில்லை, கீழே ஓடி வருகிறான். வெட்டவெளியில் போனால் கண்டுகொண்டே வருவான், வீடுகள் உள்ள பக்கம் திரும்புங்கள் என்று மீண்டும் அவளே வழி சொல்கிறாள். இவை எல்லாம் எங்கள் புத்தகத்தில் ஓரளவு உண்டு.

இல்லாதது அடுத்த இடம். எலி (பல அச்சுப் பிரதிகளில் ஸீரக், பாரசீகத்தில் புத்திசாலி என்று பொருள்) ஓடிவந்து தன் தோழியின் கயிற்றைக் கடிக்கத் தொடங்குகிறது. அவள் வேண்டாமென்கிறாள். முதலில் மற்றவர்களுடையதை அறுத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வா என்கிறாள். எலி காதில் வாங்காமல் கடிக்கிறது. அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். உனக்கு உன் உயிர் மேல் ஆசையே இல்லையா என்று எலி கேட்கிறது. அவள் சொல்லும் காரணம் இது: என்னுடையதை முதலில் அறுத்தால், நீ களைத்துப் போகும்போது மிச்சமிருப்பவர்களை அப்படியே விட்டுவிடலாம். அவர்களை முதலில் விடுவித்தால், எவ்வளவு களைத்தாலும் என்னை விட்டுவிட்டுப் போக உனக்கு மனம் வராது.

இதை வாசித்த அன்று மறுநாள் பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்பில் கேட்டோம்: யாருடைய கயிற்றை எலி முதலில் அறுக்க வேண்டும்? முதலில் "ராணிட" என்று பலர் கத்தினார்கள். ஒரு பிள்ளை "அழுற குஞ்சுட" என்றாள். ஒருவன் "கிட்ட இருக்கிறதுட, இல்லாட்டி எலிக்கு அங்கேயும் இங்கேயும் ஓடிக் கால் நோகும்" என்றான். பிறகு புறா சொன்ன காரணத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. வழக்கமாக வாய் திறக்காத ஒரு பையன் எழும்பி, "அது நல்ல புறா இல்ல டீச்சர், கெட்டிக்காரப் புறா" என்றான். ஏனென்று கேட்டோம். "எலிக்குத் தன்னில இருக்கிற அன்ப அது பாவிச்சிட்டுது" என்றான். எட்டு வயது! இரண்டு வருடக் கலாசாலையில் இப்படி ஒரு விளக்கத்தை நாம் கேட்கவில்லை. அவன் சொன்னது சரிதான். அவள் தன்னையே மற்றவர்களுக்காகப் பிணை வைக்கிறாள். அது அன்பும்தான், கணக்கும்தான். வகுப்பு இரண்டாகப் பிரிந்து இடைவேளை மணி அடிக்கும்வரை வாதாடியது.

இந்த இடத்தைத்தான் படக்கதைகள் வெட்டிவிடுகின்றன. வலை எழும்பிய உடனே, ஒற்றுமையே பலம் என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். எமக்கு அந்த வரியில் கோபமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆபத்து இருக்கும்போது ஒன்றாய்ப் பறப்பது அவ்வளவு கடினமல்ல. தரையில் இறங்கிய பின், ஒரே ஓர் எலிக்கு ஒரே ஒரு வாய்தான் இருக்கும்போது, யார் காத்திருப்பது என்பதுதான் கடினம். வெள்ள நிவாரணப் பொதி வந்த அன்று எங்கள் ஊரில் நின்ற வரிசையை நினைத்துப் பாருங்கள், வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் படக்கதைகளிலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். 1963இல் லியோ லியொன்னி வரைந்த 'ஸ்விம்மி' சிறு மீன்கள் சேர்ந்து ஒரு பெரிய மீனின் வடிவில் நீந்திப் பகைவனை விரட்டும் கதை. புறாக்களின் வலையை நினைவூட்டுகிறது. அதில் கறுப்பு மீன் கண்ணாக இருப்பது எமக்குப் பிடித்தது, வேறுபட்டவனுக்கும் ஓரிடம் இருக்கிறது. 1992இல் வந்த மார்க்கஸ் ஃபிஸ்டரின் 'வானவில் மீன்' உலகெங்கும் விற்றது, எங்கள் பெட்டியிலும் அது மாதிரி ஒன்று இருந்தது. அழகிய மீன் தன் மின்னும் செதில்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுக்கிறது, அதன் பிறகே மற்ற மீன்கள் அதனுடன் சேர்கின்றன. பகிர்தலைப் பற்றிய புத்தகம் என்றுதான் ஆசிரியர்கள் வாங்குகிறோம். எமக்கு அதில் ஒரு நெருடல். கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பது பகிர்தலா? முதவ்வகா தன்னை எவருக்கும் பிடிக்க வேண்டும் என்பதற்காக எதையும் கொடுக்கவில்லை. எங்கள் கருத்து இது, ஏற்காதவர்கள் இருப்பீர்கள்.

கலீலா வ திம்னாவில் கதை அதோடு முடியவுமில்லை. மரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த காகம் எலியின் வளைக்கு வந்து நட்புக் கேட்கிறது. எலி மறுக்கிறது. நான் உன் இரை, நீ என்னைத் தின்பவன், நமக்குள் என்ன நட்பு? காகம் உடனே நல்லவனாகிவிடவில்லை, எலி உடனே நம்பிவிடவுமில்லை. நெடுநேரம் பேசுகிறார்கள். நட்புக்குச் சம்மதித்த பிறகும் எலி வளை வாசலில்தான் நிற்கிறது. ஏன் வெளியே வரவில்லை என்று காகம் கேட்க, உன்னை நம்புகிறேன், உன் இனத்தாரைப் பற்றித்தான் பயம் என்கிறது. பிறகு ஆமையும் மானும் சேர்கின்றன. மான் வலையில் விழுகிறது, எலி அறுக்கிறது, உதவ வந்த ஆமை வேடனிடம் மாட்டுகிறது, மான் செத்தது போலக் கிடக்க, காகம் அதன் மேல் உட்கார்ந்து கொத்துவது போல நடிக்க, வேடன் ஆமையைப் போட்டுவிட்டு மானை நோக்கி ஓட, எலி ஆமையை விடுவிக்கிறது. ஓடுவது, பறப்பது, கடிப்பது, மெல்ல நகர்வது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

எலியின் அந்தப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில், இந்த மாகாணத்தில் நாம் வாழ்ந்த வாழ்க்கையில், வளை வாசலில் நிற்பது என்றால் என்னவென்று எங்கள் உம்மா வாப்பாமாருக்குத் தெரியும். பக்கத்து ஊரவர்களுக்கும் தெரியும். அந்தப் பயத்தைக் குற்றம் சொல்லாத ஒரு சிறுவர் கதையை நாம் வேறெங்கும் காணவில்லை. எலி கோழை என்று கதை சொல்லவில்லை. காகம் காத்திருக்கிறது.

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் அரசன் தத்துவஞானியிடம் கேட்பது 'இக்வானுஸ் ஸஃபா', தூய நட்புடைய சகோதரர்கள், பற்றி. 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் ஓர் அறிஞர் குழு இதே பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியது. பெயர் இந்தப் புறாக் கதையிலிருந்தே வந்தது என்று ஹங்கேரிய அறிஞர் கோல்ட்ஸிஹர் 1910இல் எடுத்துக்காட்டினார். அவர்களின் கொள்கைகள் பலவற்றை அஹ்லுஸ் ஸுன்னா உலமாக்கள் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். அவர்களின் கட்டுரைகளில் ஒன்று விலங்குகள் மனிதர்கள் மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பது. கழுதையும் மாடும் ஆடும் முறையிடுகின்றன. மனிதர் தரப்பில் பல நாட்டவர் எழுந்து பேசுகிறார்கள், அவர்களில் ஒருவர் ஸரந்தீபைச் சேர்ந்தவர். நம்ம ஆள்! விலங்குகளுக்கு எதிராகத்தான் பேசுகிறார், என்ன செய்வது.

கதை மேற்கேயும் போனது. 1251இல் அரபிலிருந்து ஸ்பானிய மொழிக்கு, அதே நூற்றாண்டில் ஹீப்ரு வழியாக லத்தீனுக்கு, 1570இல் ஆங்கிலத்துக்கு. பிரான்சின் லா ஃபொன்டேன் 1678இல் தன் இரண்டாவது தொகுப்பை வெளியிட்டபோது, பில்பாய் என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக எழுதினார். கலீலாவில் வரும் பைதபா என்ற ஞானியின் பெயர் பாதை நெடுகிலும் தேய்ந்து பில்பாய் ஆகியிருந்தது. தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை 1826இல் சென்னையில் வந்தது, மராத்தியிலிருந்து.

எங்கள் நாட்டிலும் இது இல்லாமலில்லை. சிங்களப் பிள்ளைகள் பன்சலையில் கேட்கும் சம்மோதமான ஜாதகத்தில் புறாவுக்குப் பதில் காடைகள். வலையோடு எழும்பி ஒரு முட்புதரில் அதைப் போட்டுவிட்டு அடியால் நழுவிவிடுகின்றன. வேடன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான், மனைவி ஏசுகிறாள். அவன் பதற்றப்படவில்லை. இப்போதைக்கு ஒன்றாக இருக்கிறார்கள், சண்டை பிடிக்கும் நாள் வரும் என்கிறான். ஒரு நாள் ஒரு காடை தெரியாமல் இன்னொன்றின் தலையை மிதித்துவிடுகிறது. அதிலிருந்து வாக்குவாதம், வலையை நீயா தூக்கினாய் நானா தூக்கினேன் என்று. அடுத்த முறை வலை விழும்போது எவரும் தூக்கவில்லை. இந்த ஜாதகக் கதைகளின் பாளி உரை இத்தீவில்தான் உருப்பெற்றது. 14ஆம் நூற்றாண்டில் குருணாகல் இராச்சிய காலத்தில் அவை சிங்களத்துக்கு வந்தன. காத்திருக்கும் வேடன், சண்டையின் அற்பக் காரணம், இந்த இரண்டுக்காகவும் இது புறாக் கதையை விடக் கசப்பானது. சிங்கள மொழிப் பாடத்துக்கு இதையும் வைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளையும் பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வலையின் கதையை மூன்று பக்கமிருந்து கேட்டு வளர்கிறார்கள். மூன்று பேருக்கும் அது தெரியாது.

அந்த வாப்பா கேட்ட கேள்விக்கு எமது பதில்: ஆம், எங்கட ஆக்கள்ட வழக்கம்தான். எங்களுடையது மட்டும் அல்ல. அவரது பிள்ளைதான் "அழுற குஞ்சுட" என்று சொன்னவள். அவருக்கு அதைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கூட்டம் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், ஆரம்பப் பிரிவு மண்டபத்தில். திரும்பி வந்த இரண்டு புத்தகங்களும், நாம் அச்செடுத்த பழைய பிரதிகளின் நான்கு படங்களும் மேசையில் இருக்கும். கதையின் வெட்டப்பட்ட பகுதியை எளிய தமிழில் எழுதி, புறாப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்தித் தாருங்கள். மௌலவியையும் அழைத்திருக்கிறோம். உம்மாமார் கட்டாயம் வாருங்கள், இரவில் கதை சொல்வது நீங்கள்தான்.